எங்கே, எப்போது என்ற எண்களுக்கு முன்னால்: இயற்பியல் சொல்லும் ‘நிகழ்வு’

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த ஒரு பெரியவருக்கு ஜாதகம் கணிக்க உட்காரும் ஜோதிடர், பிறந்த நேரத்தைக் கேட்ட கையோடு பிறந்த ஆண்டையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏனென்றால் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் பல தடவை திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. 1941 செப்டம்பரிலிருந்து அது கிரீன்விச் நேரத்துக்கு ஏழரை மணி நேரம் முன்னால் ஓடியது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் ஆட்சி வந்ததும் தோக்கியோ நேரம் புகுந்தது. ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் கூடிவிட்டது. பேராக்கில் அந்தக் கடிகாரப்படி காலை எட்டு மணியாகியும் சூரியன் உதித்திருக்காது. 1945 செப்டம்பரில் பழைய நேரம் திரும்பியது. கடைசியாக, சபா சரவாக்கோடு ஒன்றாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி 1 அன்று மறுபடியும் அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். இன்றைக்கு நம் சுவரில் ஓடுவது அந்த நேரம்தான்.

1975இல் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் காலை 5.40க்கு ஒரு குழந்தை பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். அதே பிறப்பு சென்னைக் கடிகாரத்தில் 3.40. தோக்கியோவில் 7.10. கிரீன்விச்சில் அது முந்தைய நாள் இரவு 10.10, அதாவது தேதியே வேறு. இன்றைய மலேசிய நேரக் கணக்கில் 6.10. இத்தனை எண்கள் இருந்தாலும் குழந்தை பிறந்தது ஒரே தடவைதான்.

இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் கடிகாரம் நேராக 12.00க்குத் தாவியது. ஆகவே அன்றிரவு 11.45க்குப் பிறந்தவர் என்று தீபகற்பத்தில் ஒருவர்கூட இருக்க முடியாது. எண் காணாமல் போனது, ஆனால் எந்தப் பிரசவமும் காணாமல் போகவில்லை. 1945இல் நடந்தது இதற்கு நேர் எதிர். கடிகாரத்தைப் பின்னால் திருப்பியபோது ஒன்றரை மணி நேரத்து எண்கள் இரண்டாம் முறையும் வந்தன. ஒரே எண்ணைத் தாங்கிய இரு வேறு பிறப்புகள் அன்று சாத்தியம்.

இப்படி எண்கள் மாறும்போதும், தொலையும்போதும், இரட்டிக்கும்போதும் தான் மாறாமல் நிற்கிற அந்த ஒன்றைத்தான் சார்பியல் கோட்பாடு நிகழ்வு என்கிறது. சார்பியலைப் பற்றித் தமிழில் எழுதும்போது பெரும்பாலும் மெதுவாக ஓடும் கடிகாரத்துக்கும், விண்வெளிக்குப் போய் இளமையாகத் திரும்பும் இரட்டையருக்கும் தாவிவிடுகிறோம். அடித்தளம் இதில் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் கடிகாரங்களின் விநோதம் பாதி தானாக விளங்கிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, அது என்ன? இயற்பியலில் நிகழ்வுக்கு நீளம் அகலம் இல்லை, கால அளவும் இல்லை. ஓர் இடப்புள்ளி, அதில் ஒரு கணம், அவ்வளவுதான். மூன்று நாள் திருவிழா இந்தக் கணக்கில் ஒரு நிகழ்வு ஆகாது. பால் மரத்தில் உளியின் முனை பட்டையைத் தொடும் கணம் ஓரளவு நெருங்கி வரும். பட்டையைச் சீவி முடிக்க ஆகும் சில நொடிகளுக்குள் எண்ணற்ற நிகழ்வுகள் அடங்கிவிடுகின்றன. வடிவியலில் புள்ளி எப்படி ஒரு கற்பனை எல்லையோ அப்படித்தான் இதுவும். அளவைச் சுருக்கிக்கொண்டே போனால் எட்டக்கூடியது.

ஐன்ஸ்டைன் 1905இல் எழுதிய சிறப்புச் சார்பியல் கட்டுரையின் தொடக்கத்திலேயே ஒரு ரயில் வருகிறது. ஏழு மணிக்கு இங்கே ரயில் வருகிறது என்று நான் சொன்னால், என் கடிகாரத்தின் சின்ன முள் ஏழைக் காட்டுவதும் ரயில் வந்து சேர்வதும் ஒரே சமயத்து நிகழ்வுகள் என்றுதான் அதற்குப் பொருள் என்று அவர் எழுதினார். சுங்கை சிப்புட் வழியாக ஓடும் ஈடிஎஸ் மின்ரயிலுக்கும் இது அப்படியே பொருந்தும். நேரம் என்று நாம் குறிப்பது எப்போதும் இரண்டு நிகழ்வுகளின் சந்திப்பைத்தான்: ரயில் வருவது, முள் வந்து நிற்பது. இரண்டும் ஒரே இடத்தில் நடந்தால் சிக்கல் இல்லை. ரயில் ஈப்போவிலும் கடிகாரம் இங்கேயும் இருந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்டுக்கொண்ட கேள்வியிலிருந்துதான் மற்றதெல்லாம் பிறந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1908 செப்டம்பர் 21 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி ஓர் உரை ஆற்றினார். சூரிச்சில் ஐன்ஸ்டைனுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவர் அவர். நேரத்தோடு சேராத இடத்தையோ, இடத்தோடு சேராத நேரத்தையோ யாரும் கண்டதில்லை என்பதை அங்கே அவர் எடுத்துச் சொன்னார். ஒரு குறிப்பிட்ட கணத்தில் இருக்கும் ஓர் இடப்புள்ளிக்கு உலகப்புள்ளி என்று பெயர் வைத்தார். எல்லா உலகப்புள்ளிகளும் சேர்ந்ததுதான் உலகம், இன்று காலவெளி என்று சொல்வது அதைத்தான். இடத்துக்கு மூன்று எண், காலத்துக்கு ஒன்று, ஆக நான்கு எண்கள் ஒரு புள்ளியைக் குறிக்கும். ஒரு பொருளின் முழு வரலாறு அந்தப் புள்ளிகள் வழியாக ஓடும் ஒரு கோடு, அதாவது உலகக்கோடு. விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், அசையாமல் நிற்பவரின் உலகக்கோடும் நீண்டுகொண்டேதான் இருக்கும், இடத்தில் அவர் நகராவிட்டாலும் காலத்தில் நகர்கிறாரே! அந்த உரை முடிந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, 44 வயதில் மின்கோவ்ஸ்கி குடல்வால் அழற்சியால் இறந்துபோனார். தான் திறந்துவைத்த பாதை, ஈர்ப்பையும் விளக்கும் பொதுச் சார்பியல்வரை போனதை அவர் பார்க்கவில்லை.

அந்த நான்கு எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். நாம் கட்டைக் கணக்கில், அதாவது மைல் கணக்கில், எட்டாங்கட்டை என்று சொல்வதை இன்னொருவர் கிலோமீட்டரில் 13 என்பார். இந்த மாற்றம் வெறும் அலகு மாற்றம். வேகமாக நகர்பவருக்கு ஏற்படும் மாற்றம் இன்னும் ஆழமானது. அவருடைய கணக்கில் நம்முடைய இடம் கொஞ்சம் காலத்தோடும், நம்முடைய காலம் கொஞ்சம் இடத்தோடும் கலந்து வரும். அப்படியானால் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் அளவு எதுவுமே இல்லையா?

இருக்கிறது. அதுதான் இரண்டு நிகழ்வுகளுக்கு இடையிலான காலவெளி இடைவெளி. இரண்டுக்கும் நடுவே உள்ள நேரத்தை நொடியிலும், தூரத்தை ஒளிநொடியிலும், அதாவது ஒளி ஒரு நொடியில் கடக்கும் ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டரை அலகாக வைத்தும் எடுத்துக்கொள்ளுங்கள். நேரத்தின் வர்க்கத்திலிருந்து தூரத்தின் வர்க்கத்தைக் கழியுங்கள். பைத்தகோரஸ் தேற்றத்தில் கூட்டல் வரும் இடத்தில் இங்கே கழித்தல், அவ்வளவுதான் வித்தியாசம். தரையில் இருக்கும் ஒருவர் இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவே 5 நொடியும் 3 ஒளிநொடித் தூரமும் அளக்கிறார் என்றால் 25இலிருந்து 9 போக 16. ஒளியின் வேகத்தில் 60 விழுக்காட்டில் பயணம் செய்து இரண்டு நிகழ்வுகளிலும் நேரில் இருந்தவருக்கு அவை இரண்டும் ‘இங்கேயே’ நடந்தவை. அவருக்குத் தூரம் சுழியம். ஆகவே 16 முழுவதும் நேரத்திலிருந்தே வர வேண்டும், அவர் கடிகாரம் 4 நொடி காட்டும். 5 என்றவரும் தப்பில்லை, 4 என்றவரும் தப்பில்லை. இருவருக்கும் பொதுவானது 16.

இது காகிதக் கணக்கோடு நின்றுவிடவில்லை. விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் வளிமண்டலத்தில் மோதும்போது, ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உயரத்தில் மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. அவற்றின் சராசரி ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. அதற்குள் ஒளியே 660 மீட்டர்தான் போகும். ஆனாலும் மியூவான்கள் தரைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. உள்ளங்கையை விரித்து வைத்தால் நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் அதை ஊடுருவிப் போகின்றன. மேலே பிறந்தது ஒரு நிகழ்வு, கையைத் தொட்டது இன்னொரு நிகழ்வு. நம் கணக்கில் நடுவே 15 கிலோமீட்டர், பத்து லட்சத்தில் 50 பங்கு நொடி. மியூவானின் கணக்கில் தூரமே இல்லை, மிகக் குறைந்த நேரம் மட்டும். கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே விடை.

அடுத்தது வரிசை. எனக்கு இதுதான் முழு விஷயத்தின் உயிர்நாடி.

கழித்த விடை நேர்மமாக வந்தால், முதல் நிகழ்விலிருந்து இரண்டாவதுக்கு ஒளியைவிட மெதுவாகப் போகிற ஒன்றால் போய்ச் சேர முடியும். அப்படிப்பட்ட ஜோடியில் எது முன், எது பின் என்பதைப் பிரபஞ்சத்தில் யாராலும் மாற்ற முடியாது. 1948 ஜூன் 16 காலை இதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்துத் துரை சுட்டுக் கொல்லப்பட்டார். ஏறக்குறைய அரை மணி நேரத்தில், சில மைல் தள்ளி வேறொரு தோட்டத்தில் இன்னும் இருவர் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது, 1960வரை நீடித்தது. தோட்டத்து மக்கள் பலர் பிடுங்கி எறியப்பட்டதும், கம்பி வேலிக்குள் குடியேற்றப்பட்டதும் அதன் தொடர்ச்சி. அந்த இரண்டு தாக்குதல்களில் எது முதலில் என்று எவ்வளவு வேகத்தில் பறந்து பார்த்தாலும் விடை ஒன்றுதான். அரை மணி நேரத்தில் ஒளி 54 கோடி கிலோமீட்டர் போய்விடும், சூரியனுக்குப் போகும் தூரத்தைப்போல மூன்றரை மடங்கு. அவ்வளவு தூரம் பிரிந்திருந்தால்தான் வரிசையில் சந்தேகத்துக்கே இடம். உண்மையில் பூமிக்குள் எந்த இரண்டு மூலைகளில் நடந்தாலும், இருபதில் ஒரு பங்கு நொடிக்கு மேல் முன்பின்னாக இருந்தால் அந்த வரிசை எல்லோருக்கும் பொதுவானது. சார்பியல் என்றால் எல்லாமே பார்ப்பவரைப் பொறுத்தது என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வரலாறு பார்ப்பவரைப் பொறுத்து மாறாது.

விடை எதிர்மமாக வந்தால் கதை வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒளிகூடப் போய்ச் சேராத ஜோடிகள் அவை. 2015 செப்டம்பர் 14 அன்று, காலவெளியிலேயே பரவும் அதிர்வான ஈர்ப்பலையை முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லிவிங்ஸ்டனில் இருக்கும் கருவி முதலில் அதிர்ந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்ஃபர்டில் இருக்கும் கருவி ஆயிரத்தில் 7 பங்கு நொடி கழித்து அதிர்ந்தது. இரண்டுக்கும் நடுவே 3,000 கிலோமீட்டர். அதைக் கடக்க ஒளிக்கு ஆயிரத்தில் 10 பங்கு நொடி வேண்டும். ஆகவே லிவிங்ஸ்டன் அதிர்ந்த செய்தி எந்த வழியிலும் ஹான்ஃபர்ட் அதிர்வதற்கு முன் அங்கே போயிருக்க முடியாது. இந்த ஜோடிக்கு எல்லோருக்கும் பொதுவான முன்பின் கிடையாது. லிவிங்ஸ்டனிலிருந்து ஹான்ஃபர்ட் திசையில் ஒளிவேகத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் பறக்கும் ஒருவரின் கணக்கில் ஹான்ஃபர்ட்தான் முதலில் அதிர்ந்தது. அவர் சொல்வதும் நாம் சொல்வதைப்போலவே சரி. இதனால் எதுவும் உடைந்துவிடவில்லை. ஓர் அதிர்வு மற்றதற்குக் காரணம் இல்லை. இரண்டுக்கும் காரணம் 130 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு கருந்துளைகள் ஒன்றாகிய அந்த நிகழ்வு. அது இரண்டு அதிர்வுகளுக்கும் முந்தியது என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து வராது. காரணத்துக்கும் விளைவுக்கும் உள்ள வரிசை காப்பாற்றப்படுகிறது, காரணத் தொடர்பே இல்லாத ஜோடிக்கு மட்டும் வரிசை திறந்து விடப்படுகிறது. இந்த ஒழுங்கைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு உண்டான வியப்பு இன்னும் குறையவில்லை.

இதில் ஒரு விளைவு எல்லோரையும் உலுக்கும். ஆண்ட்ரோமெடா என்ற பக்கத்து விண்மீன் திரள் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. பட்டணத்துக் கடைவரிசை அஞ்சடியில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நடந்து வந்து ஒருவரையொருவர் கடக்கிறார்கள். ஒருவர் ஆண்ட்ரோமெடா இருக்கும் திசையை நோக்கி நடக்கிறார், மற்றவர் அதற்கு முதுகு காட்டி. கடக்கும் அந்தக் கணத்தில் ‘இப்போது ஆண்ட்ரோமெடாவில் என்ன நடக்கிறது’ என்று இருவரும் விதிப்படி கணக்குப் போட்டால், சாதாரண நடை வேகத்துக்கே இருவர் விடைகளுக்கும் எட்டு நாள் வித்தியாசம் வரும். ஈடிஎஸ் ரயிலில் 140 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கும் நமக்கும், கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் நடுவே உள்ள தூரத்தில் இதே வித்தியாசம் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால்தான் வாழ்க்கையில் நமக்கு இது தட்டுப்படுவதில்லை. ஆனால் பிரபஞ்சம் முழுவதுக்கும் பொதுவான ‘இப்போது’ என்று ஒன்று கிடையாது. பொதுவாக இருப்பவை நிகழ்வுகளும், அவற்றின் இடைவெளியும், காரணத் தொடர்பு உள்ளவற்றின் வரிசையும்தான்.

அப்புறம் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. எதுவுமே நடக்காத ஒரு காலவெளிப் புள்ளி, தன்னளவில் இருக்கிறதா?

ஐன்ஸ்டைனையே இது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அலைக்கழித்தது. 1913இல் ஈர்ப்புக்கான சமன்பாடுகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, இடத்தையும் காலத்தையும் எந்த முறையில் எண்ணிட்டாலும் செல்லுபடியாகும் சமன்பாடுகள் இருந்தால் ஒரு சங்கடம் வருவதை அவர் கண்டார். பொருள் எதுவும் இல்லாத ஒரு பகுதிக்குள், புலங்களை, அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் ஈர்ப்பு எப்படி என்ற அளவுகளை, ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நகர்த்தி வைத்தாலும் சமன்பாடு ஒத்துக்கொள்ளும். அப்படியானால் எந்தப் புள்ளியில் என்ன என்று கோட்பாட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. இது பெரிய குறை என்று நினைத்து அந்த வழியையே கைவிட்டார். 1915 நவம்பரில் அதே வழிக்குத் திரும்பி வந்தார். நகர்த்துவதற்கு முன்னும் பின்னும் துகள்களின் சந்திப்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, ஆகவே இரண்டும் இரண்டு வேறு உலகங்கள் இல்லை என்பதே அவர் கண்டுகொண்ட விடை. நம்முடைய எல்லா அளவீடுகளும் கடைசியில் இத்தகைய சந்திப்புகளைக் குறித்துக்கொள்வதுதான் என்று 1916இல் வெளியிட்ட பொதுச் சார்பியல் கட்டுரையில் எழுதினார்.

தோட்டம் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, தாமான் வீடுகள் எழும்பிய நிலத்தில் நடக்கிறவர்களுக்கு இந்த யோசனை அந்நியமாக இருக்காது. ஸ்டோர் இருந்த இடத்தை முனியாண்டி கோயிலிலிருந்து இத்தனை அடி, பழைய மரத்திலிருந்து இத்தனை அடி என்றுதான் பெரியவர்கள் காட்டுகிறார்கள். கோயிலும் மரமும் சாலையும் மலையும் வானத்து நட்சத்திரங்களும் காட்டுகிறவரும் எல்லாம் சேர்ந்து பத்தடி நகர்ந்துவிட்டால், நகர்ந்ததை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கவே வழியில்லாத வித்தியாசத்தை வித்தியாசம் என்று ஏன் சொல்ல வேண்டும்? காலவெளிப் புள்ளிக்கும் இதே கதிதான். அங்கே எது எதைச் சந்திக்கிறது என்பதைத் தவிர அதற்குத் தனி அடையாளம் இல்லை. புள்ளிகளுக்குச் சொந்த இருப்பு உண்டு என்று வாதிடும் தத்துவவாதிகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். என் மனம் சந்திப்புகளின் பக்கம்தான் சாய்கிறது.

கைப்பேசியில் வழி காட்டும் ஜிபிஎஸ் இந்தப் பார்வையில்தான் வேலை செய்கிறது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ‘இந்த இடத்தில் இருந்தேன், என் கடிகாரம் இதைக் காட்டியது’ என்று குறிப்பலைகளை அனுப்புகின்றன. ஒவ்வோர் அனுப்புதலும் ஒரு நிகழ்வு. நான்கு செயற்கைக்கோள்களின் அலைகள் உங்கள் கைப்பேசியில் வந்து கூடுவது ஐந்தாவது நிகழ்வு. தெரிந்த அந்த நான்கிலிருந்து ஐந்தாவதின் இடத்தையும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிட்டு எடுக்கிறது கைப்பேசி. இடத்தை மட்டும் தனியாகக் கேட்டால் அதனால் தர முடியாது. செம்பனைக் காட்டுக்குள் வழி தவறியவருக்குத் திரையில் தெரியும் நீலப்புள்ளி, அசலில் ஓர் உலகப்புள்ளிதான்.

நிகழ்வைப் புள்ளி என்றே வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம்? சுருக்கிக்கொண்டே போனால் பிளாங்க் அளவில் தடை வரும் என்று பல இயற்பியலாளர்கள் கருதுகிறார்கள். ஒரு நொடியை 10ஆல் 43 முறை வகுத்தால் வருவதில் ஏறக்குறைய பாதி, அவ்வளவு சிறியது பிளாங்க் நேரம். அதைவிடச் சிறிய ஒன்றைக் குறிபார்க்கத் தேவைப்படும் ஆற்றல் அந்த இடத்தையே கருந்துளையாக்கிவிடும். இதைக் கணக்கில் கொண்டு 1987இல் இயற்பியலாளர் ரஃபேல் சோர்கினும் அவரோடு பொம்பெல்லி, லீ, மேயர் ஆகிய மூவரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். காலவெளி தொடர்ச்சியான ஒரு பரப்பே இல்லை, எண்ணக்கூடிய தனித்தனி நிகழ்வுகளும் அவற்றுக்குள் எது எதற்கு முந்தியது என்ற வரிசையும் மட்டும்தான் அடிப்படை என்றார்கள். தூரம், நேரம், வளைவு எல்லாம் அந்த வரிசையிலிருந்தும், எத்தனை நிகழ்வுகள் என்ற எண்ணிக்கையிலிருந்தும் பிறக்க வேண்டும். இது இன்னும் நிரூபிக்கப்படாத கருத்து. ஆனாலும் நிகழ்வுகளின் எண்ணிக்கையில் இயல்பாக ஏற்படும் ஏற்ற இறக்கத்தை வைத்து, பிரபஞ்சத்தின் விரிவை முடுக்கிவிடும் மாறிலி முழுச் சுழியமாக இருக்காது, மிகச் சிறியதாக இன்ன அளவில் இருக்கும் என்று சோர்கின் முன்கூட்டியே கணித்திருந்தார். தொலைதூர விண்மீன் வெடிப்புகளை அளந்தவர்கள் 1998இல் அந்த முடுக்கத்தைக் கண்டபோது, கிடைத்த அளவு அவர் சொன்ன அளவை ஒட்டியே இருந்தது.